தண்ணி மந்திரி

போன தேர்தலில் எனக்குத் திருமயம் பக்கம் ஒரு சாவடியில் விரலுக்கு மை வைக்கிற வேலை போட்டிருந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை யார் யாருடைய ஆள்காட்டி விரலையோ பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாற்று நட்டு வெடித்துப்போன விரல், பீடி நாற்றம் அடிக்கிற விரல், நேற்று வைத்த மருதாணி சிவந்த விரல். அந்த மைக்கு ஒரு நெடி உண்டு, நீங்கள் கவனித்திருக்கிறீர்களோ என்னவோ. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி முதலில் மூக்கில் சுர்ரென்று ஏறும். அப்புறம் எதுவும் தெரியாது. மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்தபோது என் விரல்களை முகர்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த அதிகாரி ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு நகப்பாலிஷ் ஞாபகம் வந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

ஊதாக் கலர் நகப்பாலிஷ். சின்னக் குப்பி. வேலை கிடைத்த புதிதில் அறந்தாங்கி கடைத்தெருவில் வாங்கினேன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை வாங்கினேன் என்று எல்லோரும் எழுதுவார்கள், நானும் வாங்கினேன்தான். ஆனால் அதற்கு முன்னால் வாங்கியது இந்தக் குப்பியை. பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போக எனக்குத் தைரியம் இல்லை. கைப்பையிலேயே கிடந்து பாதி இறுகிப் போயிருந்தது.

அப்போது நான் வேலை பார்த்தது அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகிற சாலையில், பாதி வழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஒரு கிராமத்தில். காலையில் முதல் நடையாகக் கட்டுமாவடியிலிருந்து மீன் கூடைகளை ஏற்றிவந்த அதே பஸ்தான் திரும்பி எங்களை ஏற்றிக்கொண்டு போகும். பலகையெல்லாம் ஈரம். எவ்வளவு கஞ்சி போட்டுத் தேய்த்த புடவையானாலும் இறங்கும்போது மீன் வாசனையோடுதான் இறங்க வேண்டும். முதல் வாரம் முகத்தைச் சுளித்தேன். அப்புறம் எந்தக் கூடையில் சங்கரா, எந்தக் கூடையில் காரல் என்று வாசனையை வைத்தே சொல்லத் தெரிந்துகொண்டேன். ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தராத எவ்வளவோ விஷயங்களில் அதுவும் ஒன்று.

பயிற்சியில் சொல்லித்தந்த ஒரு விஷயம், நீதிபோதனை வகுப்பு. கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். நல்ல பழக்கங்கள், ஒற்றுமை, பெரியவர்களை மதித்தல் என்று கதை சொல்லிப் புகட்ட வேண்டும். நான் அந்தப் பீரியடில் நோட்டுத் திருத்துவேன். பிள்ளைகள் ஜன்னல் வழியாக வெளியே போகிற ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் தலைமையாசிரியர் ஆவுடையார்கோவில்காரர், பயந்த சுபாவம், ஆனால் கெட்டவர் இல்லை. அவரும் அந்த நேரத்தில் வந்து எட்டிப் பார்க்க மாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்குக் கோயிலுக்குப் போகிற அவசரம்.

எட்டாவது வரைக்கும் உள்ள நடுநிலைப்பள்ளி. ஊரில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் வந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை. டிராக்டர் வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளை, பெட்டிக்கடைக்காரர் பிள்ளை, அப்பா துபாயில் இருக்கிற பிள்ளை, வாய்க்காலுக்கு அந்தாண்டை காலனியிலிருந்து வருகிற பிள்ளைகள், எல்லோரும் ஒரே தரையில் உட்கார்ந்தார்கள். உட்காரும்போது யார் யார் பக்கத்தில் யார் யார் என்பது மட்டும் தானாக அமைந்துவிடும். நான் மாற்றி உட்கார வைத்தால் அன்றைக்கு இருக்கும், மறுநாள் பழையபடி ஆகிவிடும்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். பள்ளிக்கூடத்து அடிபம்பில் உப்புத்தண்ணி. கை கழுவலாம், வாயில் வைக்க முடியாது. கடல் அவ்வளவு பக்கம். குடிக்கிற தண்ணீர் ஊருக்கு மேற்கே இருந்த ஊருணியிலிருந்து வர வேண்டும். காலையில் பெரிய பையன்கள் இரண்டு குடங்களில் எடுத்துவந்து வராந்தாவில் இருந்த மண்பானையில் ஊற்றுவார்கள். பானையின் மேல் ஒரு தட்டு, அதன் மேல் ஓர் எவர்சில்வர் டம்ளர். மணி அடித்ததும் பெரிய பையன்கள் முதலில் போய் விழுவார்கள். அப்புறம் நடுத்தரம். ஒன்றாவது இரண்டாவது படிக்கிற பொடிசுகள் முறை வரும்போது பானையின் அடியில் வண்டல்தான் இருக்கும். காலனிப் பிள்ளைகள் டம்ளரைத் தொடுவதில்லை. கையைக் குவித்துக்கொண்டு நிற்பார்கள், யாராவது ஊற்றினால் குடிப்பார்கள். அப்படிச் செய் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் அவர்களுக்குச் சொன்னதை நான் கேட்டதில்லை. ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே அதைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். ஊற்றுகிறவர்களும் அப்படித்தான்.

டம்ளர் யார் கையில் இருக்கிறதோ அவன் ராஜா. அந்த வருஷம் ராஜா குணசேகரன். எட்டாவது. நல்ல உயரம், நன்றாகப் படிப்பான், சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் இருக்காது. அவன் அப்பா சாத்தையா வளைகுடாவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து டிராக்டர் வாங்கியவர். அந்த வருஷம் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றிருந்தார். எண்ணியதில் ஏதோ தில்லுமுல்லு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் வீடு இருக்கிற தெருவில் அவர் காலே வைப்பதில்லை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் மாணவர் மன்றம் அமைக்க வேண்டும் என்று மேலேயிருந்து சுற்றறிக்கை வந்தது. தலைவர், உணவு அமைச்சர், தோட்ட அமைச்சர், குடிநீர் அமைச்சர் என்று பதவிகள். தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைமையாசிரியர் காகிதத்தை என்னிடம் நீட்டி, "நீங்கதான் சின்ன வயசு. பாத்துக்கங்க டீச்சர்" என்றார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. குடிமையியல் புத்தகத்தை வைத்து எட்டாம் வகுப்புக்கு ஒரு பீரியட் பாடம் எடுத்தேன். ஓட்டு என்றால் என்ன, ஏன் ரகசியமாகப் போட வேண்டும், பெரும்பான்மை என்றால் என்ன. மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, சொல்ல ஒன்றும் இல்லை. சும்மா நிற்கக் கூடாதே என்று, "தோத்தவங்க ஜெயிச்சவங்களுக்குக் கைகொடுக்கணும். அதுக்கப்புறம் மறுபேச்சு இருக்கக் கூடாது. அதுதான் ஜனநாயகம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். பீரியடை ரொப்புவதற்காகச் சொன்ன வார்த்தை.

மற்ற பதவிகளுக்குப் போட்டியே இல்லை. நில் என்று சொன்னால் நின்றார்கள். தண்ணிக்கு மட்டும் குணசேகரன் தானாக எழுந்தான். எழுந்துவிட்டு, வேறு யாரும் உண்டா என்பது போலச் சுற்றிப் பார்த்தான். கடைசி வரிசையிலிருந்து பொன்னழகு எழுந்தாள். காலனியிலிருந்து வருகிறவள். அவளும் எட்டாவதுதான். வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தும் கூப்பிட்டால்தான் சொல்லுவாள். நான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று நினைத்து, "என்ன பொன்னழகு, வெளிய போகணுமா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். நானும் தண்ணிக்கி நிக்கிறேன்" என்றாள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பேர் படிக்கத் தெரியாது என்பதால் சின்னம் வேண்டியிருந்தது. கட்சிக்காரர்கள் வைத்திருக்கிற எதன் பக்கமும் போய்விடாதீர்கள் என்று தலைமையாசிரியர் கெஞ்சினார். குணசேகரன் டிராக்டர் கேட்டான். பொன்னழகு கொக்கு. ஓட்டுச்சீட்டு அத்தனையிலும் நானே உட்கார்ந்து படம் வரைந்தேன். என் கொக்கு பரவாயில்லை. டிராக்டரைப் பார்த்துவிட்டு ஒரு பையன், "டீச்சர், எருமைமாட்டுக்கு யாரு நிக்கிறா?" என்று கேட்டான்.

ஓட்டுக் கேட்டுப் பேச ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தேன். வேப்பமரத்தடியில் எல்லா வகுப்பும் உட்கார்ந்திருந்தது. குணசேகரன், பானையைத் தினமும் கழுவுவேன், புது டம்ளர் வாங்கித் தரச் சொல்லுவேன் என்றான். கைதட்டினார்கள். பொன்னழகு பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தே பேசினாள்.

"நான் வந்தா வரிசைதான். மொதல்ல ஒண்ணாப்பு, ரெண்டாப்பு. அப்புறந்தான் பெரியவங்க. டம்ளரு யாருக்கும் கிடையாது. நான் ஊத்துவேன், எல்லாரும் கையக் குவிச்சுக் குடிக்கணும். எல்லாரும்." கொஞ்சம் நிறுத்தி, "டீச்சர் உள்பட" என்றாள்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் எனக்கு முழுசாக உறைக்கவில்லை. டம்ளரைத் தா என்று அவள் கேட்கவில்லை. டம்ளரையே எடுத்துவிடலாம் என்றாள்.

ஓட்டுப்பதிவு அன்றைக்குச் சாக்பீஸ் பெட்டிதான் ஓட்டுப்பெட்டி. மைக்குத்தான் நகப்பாலிஷ். இறுகிப் போயிருந்ததில் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினேன், கலந்தும் கலக்காமலும் இருந்தது. ஓட்டுப் போட வந்தவர்களைவிடப் பாலிஷ் வைக்க வந்தவர்கள்தான் அதிகம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓட்டுப் போட்டுவிட்டு, மறுபடி கடைசியில் போய் நின்று, இன்னொரு கையை நீட்டினாள். "நீதான் போட்டுட்டியே" என்றால், "இந்தக் கைக்கு இன்னும் போடல டீச்சர்" என்கிறாள்.

எண்ணிப் பார்த்தபோது கொக்கு ஜெயித்திருந்தது. வித்தியாசம் ரொம்ப இல்லை, ஆனால் சந்தேகத்துக்கும் இடமில்லை. பொடிசுகள் மொத்தமும் கொக்குக்குப் போட்டிருந்தன. குணசேகரன் எழுந்து போனான். வெளியே போகிறான் என்று நினைத்தேன். அவன் நேரே கடைசி வரிசைக்குப் போய்க் கையை நீட்டினான். பொன்னழகு அந்தக் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் கையைப் பாவாடையில் ஒரு தடவை துடைத்துவிட்டுக் கொடுத்தாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் திரும்பி வந்து உட்கார்ந்து, அடுத்து என்ன பாடம் என்பது போல என்னைப் பார்த்தான்.

நான் சொன்ன வார்த்தையை ஒருவன் அப்படியே எடுத்துக்கொண்டு நடந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். சந்தோஷமாக இருந்ததா என்றால், பயமாக இருந்தது என்பதுதான் சரி.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் வேகமாக நடந்து வந்தார். காலில் சேறு காயவில்லை. வயலிலிருந்து நேரே வந்திருக்கிறார். பொன்னழகின் அம்மா. நான் அதற்கு முன்னால் அவரைப் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

"டீச்சர், எம்மகள அதுலேர்ந்து எடுத்துருங்க டீச்சர். நாளைக்கி நடவு சாத்தையா வயலுலதான். நான் அங்கிட்டுப் போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"அவ ஓட்டு வாங்கி ஜெயிச்சிருக்கா. நான் எப்படி எடுக்கிறது?"

"அது அவளுக்குத் தெரியுமா? சின்னப் புள்ள. வெலகச் சொன்னா, நானா எடுத்துக்கிட்டேன், அவுகதான ஓட்டுப் போட்டாகன்னு கேக்குறா. எனக்குப் பதிலு சொல்லத் தெரியல. நீங்க சொன்னா கேப்பா."

பஸ் வந்துவிட்டது. நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லி ஏறிவிட்டேன். வழியெல்லாம் யோசித்தும் அவளிடம் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. கேள்வி சரியான கேள்வியாக இருந்தது.

மறுநாள் நான் போவதற்கு முன்னாலேயே சாத்தையா தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, மடித்துக் கட்டவில்லை. சத்தம் போடுகிற ஆள் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வாங்க டீச்சரம்மா. ஒங்களத்தான் பாக்க வந்தேன். ஜாதி கீதின்னு நான் பேச வரல. எங்க வீட்டுல நடவாளுக எல்லாருக்கும் சோறு போடுறவன் நான். ஆனா தண்ணி விசயம் பாருங்க. ஊருணியில அந்தப் புள்ள எறங்குனா நாளைக்கி ஊருல நாலு பேரு என்னையத்தான் கேப்பாக. அது கூடக் கெடக்கட்டும். எம்மகன் அந்தப் புள்ளகிட்டக் கையேந்தி நிக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

தலைமையாசிரியர் குறுக்கே வந்தார். "அண்ணே, இதுக்கு ஏன் சங்கடம். அந்தப் புள்ளைக்கு வேற மந்திரி குடுத்துருவோம். துப்புரவு மந்திரின்னு ஒண்ணு போட்டுருவோம். அதுவும் பதவிதானே."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். சாத்தையாவுக்கே அது கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"மறுபடி ஓட்டு வச்சாலும் சரிதான்" என்றார் சாத்தையா. "குணசேகரனக் கூப்புடுங்க."

அவன் வந்தான். கூடவே தங்கச்சியும் ஒட்டிக்கொண்டு வந்தது. சுமதி, இரண்டாம் வகுப்பு. அப்பா வந்திருக்கிறார் என்றால் பையில் மிட்டாய் இருக்கும் என்று வந்திருக்கும்.

"டேய், மறுபடி ஓட்டு வைக்கிறாங்க. நில்லு" என்றார் அப்பா.

"நான் நிக்கலப்பா."

"ஏன்?"

"தோத்தாச்சுல்ல. தோத்தா கைகொடுத்துட்டு மறுபேச்சு பேசக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. நான் கைகொடுத்துட்டேன்."

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேஜை விரிப்பைப் பார்த்தேன். அந்த வார்த்தை சாத்தையாவுக்கு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் பேசுகிற விஷயம் அவருக்கும் தெரியாமலா இருக்கும். ஆனால் பையன் அதை நினைத்துச் சொல்லவில்லை. பாடத்தை ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னான்.

அப்பா மகளிடம் திரும்பினார். "ஏத்தா, நீ யாருக்கு ஓட்டுப் போட்ட?"

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "ஓட்டு ரகசியங்க. அதெல்லாம் கேக்கக் கூடாது" என்றேன். அந்த அறையில் நான் பேசியது அவ்வளவுதான். அதற்குள் சுமதி சொல்லிவிட்டது.

"கொக்குக்கு."

"ஏன், அண்ணனுக்குப் போடலயா?"

"அண்ணன் தண்ணி தராதுப்பா. பெரிய பயலுக பூராம் குடிச்சுப்புடுவாங்க. பொன்னழகு அக்கா மொதல்ல எங்களுக்குத்தான் ஊத்தும்." சொல்லிவிட்டு இரண்டு கையையும் குவித்து அப்பாவிடம் நீட்டிக் காட்டியது. "இப்புடி. டம்ளர விட இதுல நெறயப் புடிக்குது."

சாத்தையா அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து மிட்டாயை எடுத்து அதில் வைத்தார். குணசேகரனைப் பார்த்து, "அப்ப ஊருணித் தண்ணிய யாரு எடுக்கிறது?" என்றார்.

"நான் எடுத்தாரேன். ஊத்துறது அது ஊத்தட்டும்."

"என்னமோ செய்ங்க. இந்த வருசம் முடியட்டும்" என்று எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லாத்தான் பாடம் நடத்துறீங்க" என்றார். அது பாராட்டா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு நடவுக்குப் பொன்னழகின் அம்மாவை அவர் கூப்பிட்டார் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த அம்மாவும் போய் எதுவும் நடக்காத மாதிரி நட்டுவிட்டு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

இப்படித்தான் ஒரு பாதித் தீர்வு உண்டாயிற்று. தோற்றவன் தண்ணீர் சுமந்தான், ஜெயித்தவள் ஊற்றினாள். ஊருணிப் படியில் அவள் இறங்கக் கூடாது என்கிற விஷயம் யாரும் வாய்திறந்து சொல்லாமலே அந்த ஏற்பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. வரிசை நின்றதே என்று இருந்துவிட்டேன்.

வரிசை நிஜமாகவே நின்றது. முதல் வாரம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அம்மாக்கள் கொடுத்துவிட்டது. மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். கபடி ஆடிவிட்டு வந்தால் தாகத்துக்கு அம்மா சொன்னது நினைவிருக்குமா? ஒவ்வொருவனாக வந்து வரிசையின் வாலில் நின்றான். மீசை முளைக்கப்போகிற பெரிய பையன்கள் குனிந்து, கையைக் குவித்து, முழங்கை வழியாக ஒழுக ஒழுகக் குடித்தார்கள். பொன்னழகு யாருக்கும் கூடுதலாகவோ குறைவாகவோ ஊற்ற மாட்டாள். தள்ளினால் கடைசிக்குப் போ என்று கையைக் காட்டுவாள், பேச மாட்டாள். ஒரு நாள் தலைமையாசிரியரே வெயிலில் வந்து இறங்கியவர் வராந்தாவில் வந்து நின்றார். டம்ளரைத் தேடினார். இல்லை. அங்குமிங்கும் பார்த்துவிட்டு, பையன்களோடு நின்று, கையைக் குவித்தார். நானும் தினமும் அப்படித்தான் குடித்தேன். புடவை முந்தானை நனையாமல் குடிக்க எனக்கு அந்த வருஷம் முடியும்வரை வரவில்லை.

ஒரே ஒரு பெண் மட்டும் கடைசிவரை பாட்டில்தான். பெட்டிக்கடைக்காரர் மகள். அவள் பேசாமல் தன் பாட்டிலைத் திறந்து குடிப்பாள், பொன்னழகும் பேசாமல் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். இருவருக்கும் சண்டையும் இல்லை.

பங்குனி வெயிலில் ஒரு நாள் குணசேகரனுக்கு அம்மை போட்டிருந்தது. அவனோடு குடம் தூக்குகிறவன் ஏதோ திருவிழாவுக்குப் போய்விட்டான். முதல் இடைவேளைக்கு மணி அடித்தபோது பானையில் தண்ணீர் இல்லை. ஒன்றாவது, இரண்டாவது பொடிசுகள் வந்து வரிசையில் நின்றுவிட்டன. நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பொன்னழகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போகிறாள். அவள் பின்னால் வரிசை. கலைக்க யாரும் சொல்லவில்லை என்பதால் அது கலையாமல் அப்படியே பின்னால் போகிறது. சுமதிதான் முதலில்.

சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். புடவையில் ஓடுவது எனக்குப் பழக்கமில்லை. நான் ஊருணிக் கரை ஏறும்போது அவள் படிக்கட்டுக்கு மேலே நின்றுகொண்டிருந்தாள். கீழே இரண்டு பெண்கள் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். அதில் மூத்தவர் நிமிர்ந்து பார்த்து, "யாரு புள்ள நீ? இங்கிட்டு எங்க வந்த?" என்றார்.

பொன்னழகு பின்வாங்கவில்லை. சுமதிதான் சொன்னது. "இது எங்க தண்ணி மந்திரி. எங்களுக்குத் தாகமா இருக்கு."

அந்த அம்மாள் வரிசையைப் பார்த்தார். தம் தெருப் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள், எல்லாம் கலந்து வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கின்றன. யார் பேரப்பிள்ளை யார் என்று ஒவ்வொன்றாக அவர் பார்த்த மாதிரி இருந்தது. நான் மூச்சு வாங்க நின்றேன். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பொன்னழகு ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி இறங்கினாள். அந்த அம்மாள் கையை நீட்டினார்.

"குடு இங்கிட்டு" என்றார்.

குடத்தை வாங்கி, தண்ணீர் மேல் படிந்த ஆடையை ஒதுக்கி, முக்கி எடுத்து, அடியைத் துடைத்து, அவள் இடுப்பிலேயே தூக்கி வைத்தார். "பாத்துப் போ. படி வழுக்கும்" என்றார்.

அவளைத் தண்ணீரில் இறங்க விடவில்லை என்றும் சொல்லலாம். அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் உண்மையாகத்தான் படுகிறது. திரும்பும்போது பொன்னழகு வேகமாக நடந்தாள். தண்ணீர் தளும்பிப் பாவாடை நனைந்தது. "நான் பிடிச்சுக்கவா?" என்று கேட்டேன். "வேணாம் டீச்சர், வரிசையப் பாத்துக்கங்க" என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் யாராவது வந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். தலைமையாசிரியர் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. குணசேகரன் அம்மை இறங்கி வரும்வரை அவளேதான் போய் எடுத்துவந்தாள். அவன் வந்த பிறகு ஒரு நாள் அவன், ஒரு நாள் அவள்.

கோடை விடுமுறை வந்தது. எட்டாவது முடித்தவர்கள் போக வேண்டியதுதான். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது சுமதியைக் காணோம். சாத்தையா சொன்னபடி வருஷம் முடியும்வரை பொறுத்திருக்கிறார். அறந்தாங்கியில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டார் என்றார்கள். அந்த ஊருக்குள் முதல் தடவையாக வேன் வந்தது அந்த வருஷம்தான், அவளை ஏற்றிப்போக. இரண்டாம் வருஷம் பெட்டிக்கடைக்காரர் வீட்டுச் சின்னவன் ஏறினான். அப்புறம் துபாய்க்காரர் பிள்ளைகள். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. இங்கிலீஷ் வேண்டும் என்றார்கள். நல்ல விஷயம்தானே, வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வது. நானே என் மகனை அப்படித்தான் சேர்த்தேன். எனக்கும் மாற்றல் வந்தது.

குணசேகரன் சிங்கப்பூரில் இருக்கிறான். பொன்னழகு நர்ஸ் படித்து, புதுக்கோட்டையில் வேலை பார்த்து, கல்யாணமாகி ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். இருவரும் அப்புறம் சந்தித்தார்களா என்று தெரியாது. சந்தித்திருந்தாலும் இதைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. பதிமூன்று வயதில் நடந்ததை யார் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், என்னைத் தவிர.

தேர்தல் வேலை முடிந்த அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, கட்டுமாவடிக்கு மீன் வாங்கப் போன வழியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் இறங்கினேன். கட்டடம் புதுசு. டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், சுவரெல்லாம் படம், டிவி கூட உண்டு. நாங்கள் கனவு கண்டிராத வசதி. இப்போது ஐந்தாவது வரைதான். ஆசிரியை ஒருவர் நன்றாகப் பேசினார், டீ வாங்கிவரச் சொன்னார். வகுப்பில் ஒரு கைப்பிடிப் பிள்ளைகள். எல்லோரும் காலனிப் பிள்ளைகள். ஊரிலிருந்து யாரும் வருவதில்லையா என்று கேட்டேன். "இல்ல மேடம், அவங்கள்லாம் வேன்" என்றார்.

சாயங்காலம் மணி அடித்ததும் நானும் பிள்ளைகளோடு சாலைவரை நடந்தேன். வேன்கள் வரிசையாக ஊருக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. மஞ்சள், வெள்ளை, இன்னொரு மஞ்சள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொரு சீருடையில் பிள்ளைகள் இறங்கி அவரவர் தெருவுக்குள் போனார்கள். கடைசியாக இறங்கிய ஒரு சிறுமி, டை கட்டியவள், எங்களோடு வந்த காலனிச் சிறுமி ஒருத்தியின் உயரம்தான், வயதும் அதேதான் இருக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். டை கட்டியவள் திரும்பி நடந்துவிட்டாள்.

"அந்தப் புள்ள பேரு என்ன?" என்று என் பக்கத்தில் நின்ற சிறுமியிடம் கேட்டேன்.

"பேரு தெரியாது டீச்சர். அது மஞ்ச வேன் புள்ள" என்றாள்.